மாதுளைச் சாறும் மண்டபச் சண்டையும்: கவிஞனைப் பற்றிய ஒரு விநோதப் படத்தைத் திரையிடும் முறை

கவிஞனைப் பற்றிய படம் என்று நோட்டீஸ் அடித்தால் டெல்டாவில் கூட்டம் வரும். கம்பன் ஊர் என்கிற தேரழுந்தூர், தியாகராஜர் வாழ்ந்த திருவையாறு, உ.வே.சா.வின் ஊரான உத்தமதானபுரம் எல்லாம் ஒரு மணி, ஒன்றரை மணி பஸ் தூரத்துக்குள் இருக்கிற பூமி இது. ஆனால் வருகிறவர்கள் மனசில் ஒரு வரிசை இருக்கும்: பிறப்பு, வறுமை, அரசவை, காதல், அவமானம், சாவு, நடுநடுவே பாட்டு. திரையிலோ வெள்ளைத் துணியில் மூன்று மாதுளம்பழம் கிடக்கும். சிவப்பு மெல்லக் கசிந்து பரவும். அடுத்து ஒரு குத்துவாள். அடுத்து திராட்சையை மிதிக்கும் வெறுங்கால். பத்தாவது நிமிஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும்.

ஆர்மீனியக் கவிஞர் சாயத் நோவாவைப் பற்றி இயக்குநர் செர்கெய் பராஜனோவ் எடுத்த ‘மாதுளையின் நிறம்’ படத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட படத்தைக் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை மாதிரி ஊர்களில் போடுவதற்கான வழிமுறை இது. படம் முடிந்ததும் சபை இரண்டு கட்சியாகப் பிரியும். பிரியட்டும், அதற்காகத்தான் போடுகிறோம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சண்டை படத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். நடைமுறையில் கூட்டத்தின் எரிச்சலில் பாதி விசிறியால் வந்திருக்கும், அல்லது வெளிறிப்போன நிறத்தால், அல்லது கடைசி பஸ்ஸால். அவற்றை முன்கூட்டியே கழித்துவிட்டால்தான் மிஞ்சுகிற கோபமும் மகிழ்ச்சியும் பராஜனோவுக்குப் போய்ச் சேரும்.

எந்தப் பிரதி

இந்தப் படத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. 1969-ல் ஆர்மீனியாவில் வெளியானது ஒன்று. பிறகு சோவியத் ஒன்றியம் முழுக்க வெளியிடுவதற்காக செர்கெய் யூட்கேவிச் என்ற இயக்குநர் வெட்டி அடுக்கிக் கொடுத்தது இன்னொன்று. ஓடும் நேரத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்: 78 நிமிஷத்தை ஒட்டி இருந்தால் ஆர்மீனிய வடிவம், 73-ஐ ஒட்டி இருந்தால் யூட்கேவிச் வடிவம். 2014-ல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் சேர்ந்து சீரமைத்த பிரதிதான் வேண்டும். பழைய பிரதிகளில் சிவப்பு செங்கல் நிறமாக மங்கியிருக்கும். சிவப்பு போனால் இந்தப் படத்தில் பாதி போச்சு.

உரிமை வைத்திருப்பவரிடம் திரையிட எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலை மண்டபத்தில் வைத்திருங்கள். இலவசம் என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைப்பது தவறு.

நாளும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழையில் மின்சாரமும் பஸ்ஸும் நம்ப முடியாது. தை முழுக்க சம்பா அறுவடை, யாருக்கும் ஓய்விருக்காது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபம் மலிவாகக் கிடைக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள்: அதே மாதம்தான் தெருவுக்குத் தெரு மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். பேச்சே இல்லாத படத்தில், வெளியிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் வந்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மாசிமகக் கூட்டம் கலைந்த பிறகு பங்குனி கடைசி வரை உள்ள நாட்கள் உத்தமம்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். பக்கத்துக் கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் 9 மணிக்கு என்றால் 8.50-க்குள் எல்லாம் முடிய வேண்டும். பேச்சுக்கு 40 நிமிஷம், டீக்கு 10, படத்துக்கு 78, முன்னுரைக்கு 5. கூட்டிப் பார்த்தால் 133 நிமிஷம். 6.30-க்கு ஆரம்பித்தால் 8.43. பதினைந்து நிமிஷம் தாமதமானால்கூட பேச்சின் நடுவில் பத்து பேர் எழுந்து போவார்கள். அவர்கள் படம் பிடிக்காமல் போனதாக மேடையில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். அவர்கள் போவது வலங்கைமானுக்கு. 6.30-க்கு முன் ஆரம்பிக்கவும் முடியாது. ஜன்னல் வழியே வரும் சாயங்கால வெளிச்சம் திரையைக் கழுவிவிடும்.

சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு மூன்றையும் விட்டுவிடுங்கள். பொன்னாடை ஒன்றுக்கு ஏழு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் போர்த்தப்பட்டவர் பேசாமல் இறங்க மாட்டார்.

திரையும் சிவப்பும்

அதிகமாகக் கெடும் இடம் இதுதான். இப்போதைய புரொஜெக்டர்கள் எல்லாம் 16:9 அகலத்துக்குச் செய்தவை. இந்தப் படத்தின் சட்டகமோ 1.37-க்கு 1, கிட்டத்தட்ட பழைய டி.வி. வடிவம். சவுண்ட் சர்வீஸ் தம்பி “திரை ஃபுல்லா வரலியே அண்ணே” என்று ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்துவார். ஒரு பட்டன் அகலத்தை இழுத்து எல்லோரையும் குண்டாக்கும். இன்னொன்று பெரிதாக்கித் தலையையும் காலையும் வெட்டும். பராஜனோவ் ஒவ்வொரு சட்டகத்தையும் ஓவியம் மாதிரி ஓரம் வரை அடுக்கியிருக்கிறார். மேல் ஓரத்தில் ஒரு பொருள், கீழ் ஓரத்தில் ஒரு பொருள் இருக்கும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் அதுதான் சரி என்று அவருக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

8 அடி அகலம், 6 அடி உயரம் என்று திரையைக் கட்டினால் 60 பேருக்குப் போதும். புரொஜெக்டரைத் தள்ளி வைக்கும் தூரத்தில் ஒரு சூட்சுமம். 6 அடி உயரப் படம் வேண்டுமென்றால், கறுப்புப் பட்டைகளையும் சேர்த்து புரொஜெக்டர் வீசும் முழு அகலம் 10 அடி 8 அங்குலம். சாதாரண புரொஜெக்டரின் வீச்சு விகிதம் (தூரத்தை முழு அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் தூரம் 16 அடி. 8 அடி அகலத்தைப் பெருக்கி 12 அடியில் வைத்துவிட்டு, படம் சின்னதாக விழுகிறதே என்று கடைசி நேரத்தில் நாற்காலியை எல்லாம் நகர்த்துவது வழக்கமாக நடக்கிற கூத்து. இருட்டு மண்டபத்துக்கு 3,000 முதல் 3,500 லூமென் வெளிச்சம் போதுமானது.

வேட்டியைத் திரையாகக் கட்டுபவர்கள் உண்டு. ஒற்றைத் துணியில் வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போய்விடும், நிறம் சோகை பிடிக்கும். வேட்டிதான் என்றால் பின்னால் கறுப்புத் துணி ஒன்றைச் சேர்த்துக் கட்டி, அடியில் குழாயைச் செருகி இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விசிறிக் காற்றில் திரை அலையும். அசையாத கேமராதான் இந்தப் படத்தின் உயிர், அது அலைந்தால் எல்லாம் பாழ். ஃப்ளெக்ஸ் பேனரின் பளபளப்பான பக்கம் வேண்டவே வேண்டாம், நடுவில் வெள்ளைப் பொட்டு அடிக்கும். வெள்ளை டிஸ்டெம்பர் அடித்த சொரசொரப்பில்லாத சுவர் கிடைத்தால் அதைவிட நல்ல திரை இல்லை.

நிறத்துக்கு, புரொஜெக்டரின் மெனுவில் ‘சினிமா’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘டைனமிக்’, ‘விவிட்’ இரண்டும் சிவப்பை ரோஸ் ஆக்கும், இல்லை நியான் ஆக்கும். சோதிப்பதற்கு உழவர் சந்தையில் ஒரு மாதுளம்பழம் வாங்கி உடைத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, முதல் காட்சியை நிறுத்திப் பாருங்கள். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் எந்த அளவுகோலையும்விட சீக்கிரம் வேலை முடியும்.

மின்சாரம் போவது பற்றி: லாம்ப் வைத்த புரொஜெக்டர் சட்டென அணைந்தால் சூடு தணிந்து மறுபடி எரியச் சில நிமிஷம் ஆகும். அந்தச் சில நிமிஷத்தில் சபை கலைந்துவிடும். 1,000 வி.ஏ. இன்வெர்ட்டரும் நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரியும் இருந்தால் புரொஜெக்டர், லேப்டாப், சின்ன ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது தாங்கும். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள சுவிட்சை ‘யு.பி.எஸ்.’ நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் அந்தக் கண நேரத்திலேயே புரொஜெக்டர் செத்துவிடும். ஜெனரேட்டர் என்றால் கட்டடத்தின் மறுபக்கம் நிறுத்த வேண்டும்.

கல்யாண ஸ்பீக்கர்களில் பாஸை, அதாவது கனத்த அடி ஒலியை, பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். கொசுவுக்குச் சுருள் கொளுத்தாதீர்கள், புகை ஒளிக்கற்றையில் சுருண்டு சுருண்டு தெரியும். 5 மணிக்கே நொச்சிப் புகை போட்டுக் கதவைச் சாத்தி, 6 மணிக்குத் திறந்தால் போதும்.

தமிழில் எவ்வளவு கொடுப்பது

படத்தில் பாத்திரங்கள் பேசிக்கொள்வதில்லை. கவிதை வரிகள் குரலாகவோ எழுத்தாகவோ வரும், அத்தியாயத் தலைப்புகள் வரும், அவ்வளவுதான். ஆகவே தமிழ் சப்டைட்டில் தயாரிப்பது ஒரு வார வேலைதான். எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் கோப்பை யு.டி.எஃப்-8 குறியீட்டில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். ஒரு வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் போகாமலும், ஒவ்வொரு வரியும் குறைந்தது ஐந்து வினாடி நிற்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்டபத்து லேப்டாப்பிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வீட்டு லேப்டாப்பில் ஒழுங்காக வந்த ‘கொ’ இங்கே கொம்பும் காலும் பிரிந்து நிற்கும்.

மொழிபெயர்க்கும்போது கவிதை எழுதும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். மூலத்தில் எளிமையாக இருக்கும் வரியை வெண்பாவாக்கிப் போட்டால் சபை வரியைப் படித்துக்கொண்டிருக்கும், படம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூடவே ஒரு அரைத் தாள் கைப்பிரதி கொடுங்கள். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்: சாயத் நோவா 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர். யாழ் மாதிரி நரம்பு வாத்தியம் மீட்டிப் பாடும் ‘அஷூக்’ மரபில் வந்தவர். ஆர்மீனியம், ஜார்ஜியம், அஜர்பைஜானித் துருக்கி மூன்றிலும் பாடல் கட்டியவர். ஜார்ஜியாவின் திபிலிசியில் இரண்டாம் எரெக்லே மன்னரின் அவையில் இருந்து, பின் துறவியாகி, 1795-ல் பாரசீகப் படை ஊருக்குள் புகுந்தபோது கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவர். வாழ்க்கைக் கதை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு வந்தவருக்கு அந்தப் பசி இங்கேயே பாதி அடங்கும். படத்திடம் அவர் அதைக் கேட்காமல் இருப்பார்.

முன்னுரை

ஐந்து நிமிஷம், கடிகாரம் பார்த்து. மூன்று விஷயம் சொல்ல வேண்டும். கேமரா கிட்டத்தட்ட நகராது. ஒரே நடிகை, சோஃபிகோ சியாவுரேலி, இளவயதுக் கவிஞனாகவும் அவன் காதலியாகவும் வருகிறார், வேறு சில வேடங்களும் உண்டு. முகம் குழம்பினால் குற்றம் உங்களுடையதில்லை. மூன்றாவது எச்சரிக்கை: பொதுக் குளியலறையைச் சிறுவன் எட்டிப் பார்க்கும் பகுதியில் நிர்வாணம் இருக்கிறது, கடைசிப் பகுதியில் தலையறுந்த வெள்ளைக் கோழிகள் துடிக்கின்றன. குழந்தைகளோடு வந்திருப்பவர்களுக்கும் புலால் மறுப்பவர்களுக்கும் இதை முன்பே சொல்லாவிட்டால், பேச்சு முழுவதும் அந்தக் கோழியிலேயே நிற்கும். நியாயமான கோபமாகவும் இருக்கும்.

சொல்லக் கூடாதவை: ‘உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்று’. இதைச் சொன்ன மாத்திரத்தில், பிடிக்காதவர் தன்னை மடையனாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார், அல்லது வெகுண்டு எழுவார். ‘துணியில் பரவும் கறை பழைய ஆர்மீனியாவின் வரைபடம்’ என்ற மாதிரி விடைகளும் வேண்டாம். விடையைக் கையில் கொடுத்தால் சபை 78 நிமிஷமும் கேள்வித்தாள் திருத்துகிற வேலையைத்தான் பார்க்கும்.

படம் ஓடும்போது

கதவைத் தாழிடாதீர்கள். வெளியே போகிறவர் ஒளிக்கற்றையை மறைக்காமல் போக, நடுவில் பாதை விடாமல் பக்கவாட்டில் விடுங்கள். பின்வரிசையில் ஒருவர் நோட்டும் கைக்கடிகாரமும் வைத்துக்கொண்டு, எத்தனையாவது நிமிஷத்தில் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று குறிக்க வேண்டும். 10 முதல் 15 நிமிஷத்துக்குள் போகிறவர்கள் வேறு படம் எதிர்பார்த்து வந்தவர்கள், அதில் தவறில்லை. 40-ஐ ஒட்டிக் கும்பலாகப் போனால் படத்தைச் சந்தேகிக்கும் முன் மண்டபத்தைச் சந்தேகியுங்கள்: புழுக்கமா, ஒலி கரகரக்கிறதா, கடைசி வரிசைக்குச் சப்டைட்டில் தெரியவில்லையா. கடைசி நாற்காலி திரையிலிருந்து 36 அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது.

சிரிப்பு வரும். பாவனை நடனம் மாதிரி ஆட்கள் அசைகிற இடங்களில், சரிகை வீசுகிற இடங்களில், மாணவர்கள் சிரிப்பார்கள். ‘உஷ்’ என்று யாரையும் அடக்கச் சொல்லாதீர்கள். அடக்கப்பட்டவன் பேச்சு நேரத்தில் பழிவாங்குவான். சிரிப்பு தானாக ஐந்து நிமிஷத்தில் வற்றும். வற்றாவிட்டால் அதையே பிறகு பேசலாம்: எது சிரிக்க வைத்தது?

பேச்சு

டீயும் சுண்டலும் வெளித் திண்ணையில். உண்மையான விமர்சனம் அங்கேதான் நடக்கும் என்பதால் இரண்டு பேர் அங்கே நின்று காது கொடுக்கட்டும். “என்னத்த எடுத்து வச்சிருக்கான், ஒரு எழவும் புரியல” என்று டம்ளரோடு சொன்னவரை, மரியாதை குறையாமல், “ஐயா, இதையே உள்ள வந்து மொதல்ல சொல்லுங்களேன்” என்று அழைத்து வர வேண்டும்.

வரிசை முக்கியம். ரசித்தவர்களை முதலில் பேச விட்டால் ரசிக்காதவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இலக்கியச் சொற்கள் இரண்டு காற்றில் பறந்ததும் சாதாரண ஆள் கையைக் கட்டிக்கொள்வார். பிடிக்காதவர்களே ஆரம்பிக்கட்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு சுற்று உண்டு. அதில் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

“எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற இரண்டு பதில்தான் உண்டு. “கண்ணை மூடினால் எந்தப் படம் நிற்கிறது?” என்று கேளுங்கள். ஒருவருக்கு முப்பது வினாடி. ஒருவர் சாயம் தோய்த்த கம்பளி நூலிலிருந்து சொட்டுகிற தண்ணீரைச் சொல்வார். பட்டு நெய்யும் திருபுவனத்துக்காரர் யாராவது இருந்தால் அதைத்தான் சொல்வார். இன்னொருவர் தேவாலயத்துக்குள் ஆட்டுமந்தை நிறைவதைச் சொல்வார். ஒருவர் மீன் துடித்ததை. இவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவாருங்கள். பதினைந்து படங்கள் சேர்ந்ததும் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும்: புரியவில்லை என்றவரின் நினைவிலும் நாலைந்து படம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இதை நீங்கள் வாயால் சொல்லிக் காட்ட வேண்டாம், பலகையே சொல்லும்.

அடுத்துத்தான் கட்சி பிரிய விட வேண்டும். வரக்கூடிய வாதங்களும் அவற்றைப் பிடிக்கிற விதமும்:

“கவிஞன் படம்னா அவன் கவிதை எங்க? வாழ்க்கை எங்க?” மிகச் சரியான எதிர்ப்பு இது. சோவியத் அதிகாரிகளும் இதைத்தான் சொன்னார்கள். கவிஞரின் வாழ்க்கையை இது சொல்லவில்லை என்று ஆட்சேபித்ததால்தான் ‘சாயத் நோவா’ என்றிருந்த தலைப்பு மாறியது. ஆனால் இந்தத் தகவலைத் தடியாக எடுத்து, “நீங்களும் அந்தத் தணிக்கைக்காரன் மாதிரிதான் பேசுகிறீர்கள்” என்று அடித்துவிடாதீர்கள். அவன் கையில் கத்தரி இருந்தது. இவர் கையில் டீ டம்ளர்தான் இருக்கிறது. பராஜனோவ் 1973 கடைசியில் கைதாகி நான்கு ஆண்டு சிறையில் இருந்ததையும் அனுதாபத்துக்காக இழுக்காதீர்கள். இயக்குநர் பட்ட கஷ்டம் படத்துக்கு மதிப்பெண் ஆகாது.

“கேமராவை நகர்த்தத் தெரியாதவனா?” என்று ஒரு மாணவர் கேட்பார். இதற்கு நேரடி விடை இருக்கிறது: இதற்கு முன்னால், 1960-களின் நடுவில், அவர் எடுத்த ‘மறந்த மூதாதையரின் நிழல்கள்’ படத்தில் கேமரா பேய் பிடித்த மாதிரி சுற்றும். தெரிந்தவர் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார். ஏன் என்பது சபைக்கு.

தமிழாசிரியர் ஒருவர் எழுந்து “இது உள்ளுறைதானே?” என்பார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சங்கப் பாட்டில் வாளை மீன் மாம்பழத்தைக் கவ்வும், அதற்குமேல் கவிஞர் ஒன்றும் சொல்ல மாட்டார், தலைவன் எப்படிப்பட்டவன் என்று நமக்கே தெரிந்துவிடும். படமும் பொருளைக் காட்டிவிட்டு வாய் மூடிக்கொள்கிறது. ஆனால் வித்தியாசத்தையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள்: சங்கப் பாட்டில் திணை தெரியும், யார் யாரிடம் சொல்கிறார் என்ற கூற்று தெரியும். அந்தப் பிடிமானம் இங்கே கிடையாது. அது பலமா, குறையா? உள்ளூர் உவமை பாலமாக இருக்கும் வரை நல்லது, “எல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு” என்று ஆகிவிட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். தஞ்சாவூர் ஓவியம், நவராத்திரிக் கொலு என்று சொல்லப்படும் ஒப்புமைகளுக்கும் இதே சிகிச்சை. முகம் நம்மை நேராகப் பார்ப்பது, தட்டையான பின்புலம், பொருள்களைச் சமச்சீராக அடுக்குவது வரை ஒப்புமை பொருந்தும். ஆனால் தஞ்சாவூர்ப் படத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணனை யார் என்று கேட்க வேண்டியதில்லை; இங்கே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதிகத் தலைவலி தருபவர் ரசிக்காதவர் இல்லை, மிகையாக ரசித்தவர். “இதெல்லாம் எல்லாருக்கும் புரியாது” என்று அவர் ஆரம்பித்தால் உடனே குறுக்கிடுங்கள்: “தம்பி, உங்களுக்குப் புரிந்ததில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக் கொஞ்சம் சொல்லுங்க.” பாதிப் பேர் அங்கே தடுமாறுவார்கள். தடுமாறாமல் சொல்பவர் சபைக்கு உபயோகமான ஆள், மைக்கை அவரிடமே கொஞ்ச நேரம் விடலாம்.

பெண்கள் பக்கத்துக்கு மைக் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். நடக்க வேண்டிய பேச்சில் நல்ல பகுதி அங்கேதான் இருக்கும். காதலனும் காதலியும் ஒரே முகம் என்பதைப் பற்றிப் பேச்சைத் திறந்துவிட ஏற்ற கேள்வி: “அக்கா, அந்தப் பொண்ணு லேஸ் பின்னிக்கிட்டு நம்மளையே பார்க்குறா இல்ல, அவ யாரைப் பார்க்குறா?”

ஒரு காட்சியை மறுபடி போடுவது

பேச்சு சூடாகி, ஒருவர் சொன்னதையே நாலு முறை சொல்ல ஆரம்பிக்கும்போது விளக்கை அணைத்து மூன்று நிமிஷக் காட்சி ஒன்றை மறுபடி ஓட்டுங்கள். வி.எல்.சி. பிளேயரில் நாலைந்து இடங்களின் நிமிஷக் கணக்கை முன்கூட்டியே தாளில் குறித்து வைத்திருக்க வேண்டும். இருட்டில் தேடிக்கொண்டிருந்தால் வேகம் போய்விடும்.

டெல்டாவில் எடுபடும் காட்சி புத்தகங்கள் நனைகிற பகுதி. புயல் மழையில் மடாலயத்துப் புத்தகங்கள் ஊறிப்போகின்றன. கனத்த கல்லை வைத்து அழுத்த, தாள்களிலிருந்து தண்ணீர் பிதுங்கி வழிகிறது. பிறகு கூரை முழுவதும் புத்தகங்களை விரித்துக் காய வைக்கிறார்கள். சிறுவன் அவற்றின் நடுவே கிடக்கிறான். காற்றில் எல்லாப் பக்கங்களும் ஒன்றாகப் படபடக்கின்றன.

முதல் தடவை இதை ‘அழகான காட்சி’ என்று கடந்திருப்பார்கள். இரண்டாம் தடவை இப்படிக் கேளுங்கள்: “நனைஞ்ச மூட்டையைப் பிரிச்சு ரோட்டுல நெல்லு காயப் போட்டிருக்கீங்களா?” கை உயராத வரிசை இருக்காது. ஈரத்தோடு விட்டால் முளைத்துவிடும், பூஞ்சை பிடிக்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், மேகம் வந்தால் ஓட வேண்டும். அந்தப் பதற்றம் தெரிந்தவர் அந்தக் கூரையைப் பார்க்கிற பார்வையே வேறு. தஞ்சை சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடி பார்த்தவர் இருந்தால், ஏட்டைக் காப்பாற்ற எண்ணெய் தடவுவதைப் பற்றிப் பேசுவார். இப்போது, புரியவில்லை என்று சொன்ன விவசாயி, ரசித்த பேராசிரியருக்குக் காட்சியை விளக்கிக்கொண்டிருப்பார். அதற்காக அவருக்குப் படம் பிடித்துவிட்டதாக அர்த்தமில்லை. “அந்த ஒரு இடம் சரி, மத்தது எல்லாம் சலிப்புதான்” என்று அவர் முடித்தால் அப்படியே விட்டுவிடுங்கள். துரத்தி மனசு மாற்ற முயல வேண்டாம்.

பிடிக்காத காட்சி எது என்று கேட்டு அதையும் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள். எது எரிச்சலூட்டியது, நீளமா, அசைவா, இசையா என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறதா பாருங்கள். எரிச்சலைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஆள் அடுத்த திரையிடலுக்கும் வருவார்.

வேறு படம் வேண்டுமென்றால்

கல்லூரியில் ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் பிரெஞ்சுக் கவிஞர் ழான் காக்தோ எடுத்த ‘ஒரு கவிஞனின் ரத்தம்’ பொருந்தும். கறுப்பு-வெள்ளை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 1930-ல் எடுத்து 1932 ஜனவரியில் பாரிஸில் வெளிவந்தது. தொடக்கத்தில் ஓர் உயர்ந்த புகைபோக்கி இடியத் தொடங்கும், படத்தின் கடைசியில்தான் விழுந்து முடியும். நடுவில் நடப்பதெல்லாம் அந்த ஒரு கண நேரத்துக்குள். இதை முன்னுரையில் சொல்லாதீர்கள், யாராவது மாணவர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். சிறுவர்களின் பனிப்பந்துச் சண்டையில் ரத்தம் வரும் பகுதியும் தற்கொலையும் உண்டு, அதை முன்பே எச்சரிக்க வேண்டும்.

மண்டபத்தைப் பூட்டும் முன்

பின்வரிசை நோட்டில் அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் எல்லாம் அழகாக நினைவிருக்கும். வந்தவர் எண்ணிக்கை, எழுந்து போன நிமிஷங்கள், பலகையில் சேர்ந்த காட்சிகள் அப்படியே, விசிறி, ஒலி, சப்டைட்டில் பற்றி வந்த புகார்கள் தனிப் பக்கத்தில். படத்தின் மேல் வந்த புகார்களை அந்தப் பக்கத்தில் கலக்காதீர்கள். விசிறி, ஒலிப் புகார்கள் உள்ள பக்கம் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேசுவதற்கு. படத்தின் மேல் வந்த புகார்கள் உள்ள பக்கத்தை அடுத்த மாதம் படம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு எழவும் புரியல’ என்ற ஐயாவையும் அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. சோதனைக்கு உடைத்த மாதுளையை அதற்குள் யாராவது தின்றிருப்பார்கள்.